கரடி வண்டி

ஏப்ரல் 12, புதன்

இன்று இவர் சைக்கிள் ஓட்டினார். ஓடாத சைக்கிள்தான், பிசியோதெரபி அறையில் தரையோடு திருகி வைத்தது. ஆனாலும் ஓட்டினார்.

அதற்கு முன்னால் அந்த அறை வாசலில் நடந்தது பெரிய கூத்து. நடுக்குவாதம் வந்ததிலிருந்து வாசல் என்றாலே இவருக்குக் கால் ஒட்டிக்கொள்ளும். படியே இல்லாவிட்டாலும், நிலைக்கு நடுவில் வந்ததும் பாதம் தரையை விட்டு எழும்பாது. பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், நான் காதருகே "லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்" என்று சொல்கிறேன், இவர் என்னை முறைக்கிறார், நான்தான் காலைக் கட்டிப் போட்டுவிட்டேன் என்பதுபோல. ஹேமா என்கிற அந்த பிசியோதெரபி பெண் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அதன்மேல் உட்காரவைத்தாள். மிதித்தார். நடுக்கமும் இல்லை, தயக்கமும் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த காலத்தில், சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர மிதிப்பாரே, அதுபோல மிதித்தார்.

"நிறையப் பேருக்கு இப்படி இருக்கும்மா. நடக்க வராது, சைக்கிள் வரும். விட்டுறாதீங்க, இதைப் புடிச்சுக்கணும்," என்றாள் ஹேமா.

ஆட்டோவில் வரும்போது இவர் என்னவோ சொன்னார். குரல் இப்போதெல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது, வாயருகே காதை வைக்க வேண்டும். "யாரும் கையப் புடிக்காம ஒரு தடவை ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போயிட்டு வரணும் மங்கை."

இவர் என்னிடம் எதையாவது கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஏப்ரல் 13, வியாழன்

பழைய சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தேன். காலைத் தூக்கி பாருக்கு அந்தப் பக்கம் போட இவரால் முடியவில்லை. வண்டியைச் சாய்த்துப் பிடித்தேன், எப்படியோ ஏறினார், கால் தரைக்கு எட்டவில்லை என்றதும் பயந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து செம்பருத்திமேல் விழுந்தோம். சேதம் செடிக்குத்தான். எதிர்வீட்டு லலிதா ஓடிவந்து தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டதோடு போயிருக்கலாம். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இந்த வருடம் அவளுக்கு வடகம் கிடையாது.

ஏப்ரல் 17, திங்கள்

கடைகளில் சின்னச் சக்கர சைக்கிள்களைப் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு, இல்லாவிட்டால் என் உயரத்துக்காரர்களுக்கு. இவர் ஆறடி. முழங்கால் கைப்பிடியில் இடிக்கும்.

ஆகவே பொன்மலைப்பட்டி இன்னாசியிடம் போனேன். கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை. அவன் மனைவி ரோஸ்லின் என்னிடம் தையல் படித்தவள், அந்த உரிமை. சைக்கிள் செய்ததில்லை என்று இன்னாசி கையை விரித்தான். "நானும்தான் செஞ்சதில்லை. சேந்து கத்துக்குவோம்," என்றேன்.

எனக்கு வேண்டியது இதுதான். சக்கரம் சின்னது, அப்போதுதான் வண்டி தாழ்வாக இருக்கும். நடுவில் பார் கூடாது, காலைத் தூக்காமல் உள்ளே நுழைய வேண்டும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட வேண்டும். பெடல் கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தால் சீட் தாழ்ந்தாலும் காலை நீட்டி மிதிக்கலாம். கை நடுங்குவதால் கையில் பிரேக் வேண்டாம், பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அதுவா?" என்றார்.

"அதேதான். கரடிக்குத் தொப்பி கூட தச்சுத் தரேன்."

சிரித்தார். முகம் இப்போது அவ்வளவாக அசைவதில்லை, ஆனால் எனக்குத் தெரியும், சிரித்தார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

கூடத்தில் பிரவுன் பேப்பரை ஒட்டி விரித்தேன். ஸ்டூலில் இவரை உட்காரவைத்து இடுப்பு, முழங்கால், பாதம், கை எட்டுகிற தூரம் எல்லாம் டேப்பில் எடுத்து, சாக்பீசால் முழு அளவில் வண்டியை வரைந்தேன். நாற்பது வருடம் சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் வரைந்த கை, சைக்கிளுக்கு வரையாதா? சக்கரத்துக்குத் தாம்பாளம் வைத்துப் பார்த்தேன், சிறியதாகிவிட்டது. குளிக்கிற பேசின் சரியாக இருந்தது.

"தோள நிமுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நிமிர்த்துகிறார், நான் எழுதுவதற்குள் குனிந்துவிடுகிறார். நிமிர்ந்த அளவையே எழுதிக்கொண்டேன். வண்டியில் ஏறினால் நிமிர்ந்துதானே உட்காருவார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

சந்தையில் கெண்டை நன்றாக இருந்தது, வாங்கிவந்தேன். முள் எடுக்க நேரமாகிறது என்று இவர் சாப்பிடவில்லை. இனி விரால்தான்.

மே 9, செவ்வாய்

இன்னாசி முதல் உருவத்தை நிறுத்தியிருந்தான். பார்க்க வண்டி மாதிரியே இருந்தது. அவனே ஏறி மிதித்துக் காட்டினான். கால் என்னவோ மிக்ஸி மாதிரி சுற்றுகிறது, வண்டி நத்தை மாதிரி போகிறது. பின்னாலேயே நடந்துபோன நான் அவனை முந்திவிட்டேன்.

"சின்னச் சக்கரம் டீச்சர். ஒரு சுத்துக்குக் கொஞ்சதூரந்தான் போகும்."

"அப்ப முன்னாடி இருக்கிற பல்சக்கரத்தைப் பெருசாப் போடு. ஊசி ஒரு குத்துக்குத் துணி எவ்வளவு தூரம் நகரணும்னு தையல் மெஷின்ல வைக்கிறதில்லையா?"

அவன் ரோஸ்லினைப் பார்த்தான். அவள் உள்ளே போய்ச் சிரித்தாள். பெரிய பல்சக்கரம் தேடிப் பழைய சாமான் கடைக்குப் போகிறானாம். போகிறேன் என்கிறவன் எப்போது போவான் என்பது அந்தோணியாருக்குத்தான் தெரியும்.

மே 21, ஞாயிறு

பெங்களூரிலிருந்து தேன்மொழி பேசினாள். "அம்மா, அப்பாவுக்கு நல்ல வீல்சேரா ஒண்ணு வாங்கிடலாம்மா. இந்த சைக்கிளெல்லாம் ரிஸ்க்."

"வீல்சேர்ல உக்காந்தா மத்தவங்க தள்ளணும். இதுல அவர் மிதிப்பாரு. ரெண்டும் ஒண்ணா?"

"கோவப்படாதம்மா."

நான் கோபப்படவில்லை. போனை வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 6, செவ்வாய்

கைப்பிடியை வெல்டிங் செய்வதற்கு முன் அளவை ஒருதரம் சரிபார்க்கச் சொன்னான் இன்னாசி. எடுத்தேன். கை எட்டுகிற தூரம் ஏப்ரலில் எழுதியதைவிட ஒன்றரை அங்குலம் குறைவாக வருகிறது. இடுப்புச் சுற்றளவும் குறைகிறது. துணி டேப் நாளாக நாளாக இழுபட்டு நீண்டுவிடும், அப்போது அளவு குறைத்துத்தான் காட்டும். பிள்ளைகளுக்கு நானே எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெரிய கடைத்தெருவுக்குப் போய்ப் புது டேப் வாங்கிவந்தேன்.

ஜூன் 7, புதன்

புது டேப்பும் சரியில்லை. இப்போது வருகிற சாமான் எதுவுமே சரியில்லை. கைப்பிடியை முன்பின் நகர்த்துகிற மாதிரி வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

இந்த நாளை எழுதாமல் விடக்கூடாது.

பெரிய பல்சக்கரம் போட்டாயிற்று, ஆனால் பெயின்ட் அடிக்காத வண்டி, பிரேக்கும் இன்னும் பூட்டவில்லை. உட்கார்ந்து பார்க்க மட்டும் இவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். கம்பித் துண்டுகளையெல்லாம் பெருக்கித் தள்ளி ரோஸ்லின் நாற்காலி போட்டாள். இவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. வண்டிக்குள் ஒரு காலை வைத்தார், தூக்க வேண்டியிருக்கவில்லை, இழுத்தாலே போதுமாக இருந்தது. உட்கார்ந்தார். குனிந்து இரண்டு பாதத்தையும் பார்த்தார். ஒரு பாதத்தால் தரையைத் தட்டினார், பிறகு இன்னொன்றால்.

"எட்டுது மங்கை. ரெண்டு காலும் எட்டுது."

அந்தக் குரல் எனக்குக் காது வைக்காமலே கேட்டது.

இன்னாசி சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, பட்டறை வாசலிலிருந்து தெருமுனையில் மாதா சிலை இருக்கிற கெபி வரைக்கும் மிதித்தார். பாதி தூரத்தில் இன்னாசி கையை விட்டுவிட்டான். இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். கெபி முன்னால் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் என்னைக் கேரியரில் வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போவாரே, அந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ரோஸ்லினும் அழுதாள், அவளுக்கு எதற்கு என்று தெரியவில்லை.

பெயின்ட், பிரேக், பெல் மூன்றும்தான் பாக்கி. ரயில்பெட்டி நீலம் அடிக்க வேண்டுமாம். பழைய சைக்கிளின் பெல்லைத்தான் மாட்ட வேண்டுமாம்.

ஜூலை 2, ஞாயிறு

இன்னாசிக்குக் கல்யாண மண்டபத்து கேட் வேலை வந்துவிட்டது. "ஒரு வாரம் டீச்சர்" என்கிறான். போன வாரமும் அதைத்தான் சொன்னான்.

ஜூலை 5, புதன்

ஹேமா மிதிக்கச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்றாள். இவர் முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை என்று சொன்னேன். "வண்டி வந்ததும் தெனம் ஓட்டட்டும்மா. இந்த ரெண்டு மாசம் ரொம்ப முக்கியம்," என்றாள்.

ஜூலை 17, திங்கள்

காலையில் குட்டியானை வேன் வந்து வாசலில் நின்றது. மேலே வண்டி. நீலம் பளபளவென்று. இவர் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார், எனக்கு முன்னால் பார்த்துவிட்டார்.

இன்னாசி குதித்து இறங்கினான். "நேத்தே முடிஞ்சிருச்சு டீச்சர். அண்ணன் முழிச்ச உடனே பாக்கட்டும்னு கொண்டாந்துட்டேன்."

"இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா?"

"திங்கக்கெழம."

"ஆடி ஒண்ணு."

அவனுக்கு எப்படித் தெரியும், அவனுக்குக் கிறிஸ்துமஸும் ஈஸ்டரும்தான் தெரியும். நேற்று கொண்டுவந்திருக்கக் கூடாதா, ஆனி கடைசி நாள், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் தம்பி கதிரேசன் புது மோட்டார்பைக் எடுத்தது ஆடியில்தான். அம்மா வேண்டாம் என்றாள், அவன் சிரித்தான். வண்டிக்குப் போட்ட மாலை வாடவில்லை, அதற்குள் திண்டுக்கல் ரோட்டிலிருந்து ஆட்கள் வந்து சொன்னார்கள். அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

பதினெட்டாம் பெருக்கு மட்டும் ஆடியிலும் நல்ல நாள். அன்றைக்குக் கொண்டுவா, பூஜை போட்டு ஓட்டட்டும் என்று இன்னாசியிடம் சொன்னேன். அவன் இவரைப் பார்த்தான். யூனியன்காரர், இவருக்கு ஆடியும் கிடையாது அமாவாசையும் கிடையாது. சண்டை போடுவார் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. கதிரேசன் இவருக்கும் பிரியமானவன். "சரி" என்று உதடு மட்டும் அசைந்தது.

பிறகு கையைக் காட்டினார். பெல்லை மட்டும் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். வண்டி திரும்பிப் போயிற்று.

ஜூலை 26, புதன்

கூப்பிடக் குரல் இல்லாதவருக்கு பெல் நல்ல வசதி. தண்ணீர் வேண்டுமென்றால் அடிக்கிறார், பக்கத்தில் வரச் சொல்ல அடிக்கிறார். இன்று அடித்தார், ஓடினேன், ஒன்றும் வேண்டாமாம்.

"பதினெட்டு எப்ப வருது?"

"நாளைக்கு வியாழன் இல்ல, அதுக்கு அடுத்த வியாழன்."

"காலு மறந்துரும் மங்கை."

"நாப்பது வருஷம் ஓட்டின காலு, அதுக்குள்ள மறந்துருமா? சும்மா இருங்க," என்றேன். தலையணையைச் சரி செய்தேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

இவர் விழுந்துவிட்டார்.

நான் ரேஷன் கடையில் இருந்தேன். மதியம் ஆகியிருந்தது. கேட்டுக்கு வெளியே தெருவில் விழுந்து கிடந்திருக்கிறார். பெல் சத்தம் விடாமல் கேட்டு லலிதாதான் ஓடிவந்திருக்கிறாள். பெல் இவர் கையில் இருந்ததாம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது காதை வாயருகே வைத்தேன். "கரடியப் பாக்கப் போனேன்."

இடுப்பு எலும்பு.

காலையில் வாசல் தெளித்தது நான்தான். அந்த ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. "தரை காஞ்சுதான் கெடந்துச்சு டீச்சர்" என்கிறாள் லலிதா. அவளுக்கு என்ன தெரியும்? இனிமேல் வாசல் தெளிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊரே புதுச்சேலையும் முளைப்பாரியுமாகக் காவிரிக்குப் போகிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

என்னைத் தெரியவில்லை. நர்ஸைப் பார்த்து, சங்கு ஊதிருச்சா, என் வண்டி எங்கே என்று கேட்டாராம். சாயந்திரம் தெளிந்து என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கேட்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு?

தேன்மொழி வந்துவிட்டாள். பெருக்கு வரைக்கும் ஏன் தள்ளிப்போட்டாய் என்று கேட்கவில்லை. ஆப்பிள் நறுக்கிக்கொண்டே இருக்கிறாள். கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

நின்றுபார்க்க வைத்தார்கள். கால்கள் விறைத்துக்கொண்டன. இந்த நோயோடு இந்த ஆபரேஷனும் சேர்ந்தால் சிரமம்தான், உட்கார்ந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். போதும் என்று சொல்ல அந்த டாக்டர் யார்? வெளியே வந்த பிறகுதான் இது தோன்றியது. உள்ளே இருந்தபோது தலையை ஆட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னலருகே கட்டில் போட்டாயிற்று. தேன்மொழி வீல்சேர் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

லலிதா கஞ்சி கொண்டுவந்தாள். வடகம் ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினேன்.

ஆடி ஒன்றாம் தேதியே எடுத்திருக்கலாம் என்று ரோஸ்லின் யாரிடமோ சொன்னாளாம். ஊரில் ஆயிரம் பேசுவார்கள். அவளுக்குப் பட்டன் துளைக்குக் காஜா கட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆவணி ஒன்று. வரச் சொல்லவில்லை, இன்னாசியே வந்தான். வண்டியை இறக்கி, ஜன்னலுக்கு நேராகத் தெருவில் நிறுத்தினான். "என்ன பண்றதுன்னு தெரியல டீச்சர். பட்டறையில நின்னா ரோஸ்லின் அழுவுறா."

என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. தெரியாதபோது முறையைச் செய்ய வேண்டியதுதான். சந்தனம் குங்குமம் வைத்தேன், பூ சுற்றினேன், சூடம் காட்டினேன், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். இன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான். இவர் தலையணையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை உருட்டினோம். பழம் நசுங்கவில்லை. சக்கரம் சின்னது, வண்டியும் கனமில்லை, பழம் நழுவி முன்னால் ஓடுகிறது. மறுபடி வைத்தேன், மறுபடி ஓடிற்று.

"ஆளு உக்காந்தாத்தான் நசுங்கும் டீச்சர். நான் ஏறட்டா?"

"வேண்டாம்." எனக்கே ஏன் என்று தெரியாமல் சத்தம் போட்டுவிட்டேன்.

உள்ளே பெல் அடித்தது. போய்க் காதை வைத்தேன்.

"நீ ஏறு."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"இன்னாசி புடிச்சுப்பான். ஏறு மங்கை."

ஏறினேன். சேலையைத் தூக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, நடுவில் அவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறோம். இந்த வயதில் முதல் முறையாகச் சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தேன். சீட் ஆறடி ஆளுக்கு. எனக்குக் கட்டைவிரல் நுனி மட்டும் தரையில் பட்டும் படாமலும் நின்றது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, இன்னாசி பிடித்துக்கொண்டான். செம்பருத்தியில் விழுந்த அன்று இவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும். எவ்வளவு பயமாக இருக்கிறது இது.

ஜன்னலில் இவர் உதடு அசைந்தது. அவ்வளவு தூரத்துக்கு அந்தக் குரல் வராது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"எட்டுதுங்க," என்று தெருவே கேட்கக் கத்தினேன். "ரெண்டு காலும் நல்லா எட்டுது."

பெல் அடித்தது. இன்னாசி தள்ளினான். பழங்கள் நசுங்கின.

இறங்கியதும் இன்னாசி என் காலைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "சீட்டைக் கொஞ்சம் எறக்கித் தரட்டுமா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டான்.

வேண்டாம், அது அவர் அளவு, அப்படியே இருக்கட்டும் என்றேன்.